நான் சகலைக்காகத்தான் வருகிறேன்

1

இந்தக் கதை எனக்கு நாற்காலியில் கிடைத்தது. எழுதுகிற நாற்காலி இல்லை, பல் பிடுங்குகிற நாற்காலி. கிர்கீஸ் நாட்டின் நாரின் என்கிற ஊரில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஊசி போட்டுவிட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், முல்லாவிடமும் மனைவியிடமும் சொல்லாததை எல்லாம் மனிதர்கள் என்னிடம் சொல்லிவிடுகிறார்கள்.

அப்படித்தான் ஜனவரியில் ஒரே வாரத்தில் என் சகலைகள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து அந்த நாற்காலியில் படுத்தார்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

“இந்தக் குளிர்ல வெட்டவெளியில மல்லுக்கட்டணும்னு எனக்கென்ன தலையெழுத்து? சகலைக்காகத்தான் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை, எழுதுகிறேன். எழுதுவது சொல்வதில் சேராது என்பது என் கட்சி. அதுவும் தமிழில் எழுதுகிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ரகசியம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வாயை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் என்று ஒன்று வேண்டுமே. முதலில் இப்படி எழுதினேன்:

‘நாரின் ஆற்றங்கரையின் மேல் பனி ஒரு வெண்போர்வையைப் போல—’

நிறுத்திவிட்டேன். பனியைப் போர்வை என்கிறவன் அதில் வெறுங்காலை வைக்காதவன். காலை வைத்துப் பார்த்தால் அது கடிக்கிற சாமான். அடுத்த முயற்சி:

‘மல்லன் எசெங்குல் தன் கச்சையை இறுக்கிக் கட்டி, மலையைப் போல நிமிர்ந்து—’

நிஜத்தில், கச்சை கட்டுவதற்காக என் மூத்த சகலை எசெங்குல் தொப்பையை உள்ளே இழுத்தார். கட்டி முடித்து மூச்சு விட்டதும் முடிச்சு அவிழ்ந்துகொண்டது. மலையையும் சேர்த்து அடித்துவிட்டேன். மூன்றாவது:

‘திருநெல்வேலியில் பிறந்த எனக்குக் குளிர் என்றால்—’

இது என் கதையே இல்லை. நான் ஏன் முதல் வரியில் வந்து நிற்கிறேன்? ஓரமாகப் போ என்று என்னை நானே துரத்தினேன். ஓரத்தில்தான் இருக்கப்போகிறேன். கையில் தேநீர்க் குடுவையோடு.

3

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அக்கா தங்கைகள் மூன்று பேர். அனார்கான், நூரிலா, பெகாயிம். மூத்தவளைக் கட்டியவர் எசெங்குல். டயர் பட்டறை வைத்திருக்கிறார். வாலிபத்தில் அலிஷ் மல்யுத்தத்தில் மாகாணத்துக்கே முதல் ஆள். இப்போதும் யாராவது டயரைக் கழற்றத் திணறினால், “இடுப்புல இருந்து தூக்குடா, கையில இருந்து தூக்காத” என்று அந்தக் காலத்துப் பாடத்தை எடுப்பார். நடுவில் பிறந்தவளைக் கட்டியவன் உலுக்மான். ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனவன். அவனும் மல்லன்தான், ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளாதவன். கடைக்குட்டியைக் கட்டியவன் நான். கூடப் படித்தவளைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பாமல் தங்கிவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் எசெங்குலுக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து, தினமும் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். அவர் நடக்கவில்லை. சோபாவில் படுத்து, மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு வந்தால்கூட அடக்கிக்கொண்டார். இதயம் குலுங்கிவிடுமாம்.

அதே சமயத்தில் உலுக்மான் வலது தோள் தசை கிழிந்து ருஷ்யாவிலிருந்து திரும்பினான். சாரத்தில் விபத்து என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. தோளைத் தைத்து ஆற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கையை அவன் தூக்கவே இல்லை. கெட்டிலை எடு என்றால் இடது கையை நீட்டினான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் நூரிலா வந்து விளக்கைப் போடும்வரை இருட்டிவிட்டது என்பதே அவனுக்கு உறைக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சகோதரிகளும் மாந்துக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக் கறியை உள்ளே வைத்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மடித்து முடிப்பதற்குள் திட்டமும் மடிந்து தயாராகிவிட்டது. அனார்கான் உலுக்மானிடம் போய், உங்கள் அண்ணன் படுத்தே செத்துவிடுவார் போலிருக்கிறது தம்பி, நீங்கள் கூப்பிட்டால் வருவார் என்றாள். நூரிலா எசெங்குலிடம் போய், அவர் ஜன்னலாகவே ஆகிவிட்டார் அத்தான், எப்படியாவது வெளியே இழுங்கள் என்றாள். இவனிடம் சொன்னது அவருக்குத் தெரியாது. அவரிடம் சொன்னது இவனுக்குத் தெரியாது.

எசெங்குல்தான் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டார். வசந்த விழாவில் மூத்தோர் போட்டியில் இறங்கப்போவதாகவும், பயிற்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றும் பொய் சொன்னார். உலுக்மானும், சும்மா உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது, நானும் அதைத்தான் யோசித்தேன் என்று பொய் சொன்னான். (இரண்டு பொய்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டால் சத்தமே வராது. இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. கதைக்குத் தேவையில்லை. இருக்கட்டும்.)

உள்ளரங்கத்தில் இளவட்டங்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஆகவே ஆற்றங்கரை, வெட்டவெளி, விடிந்தும் விடியாத நேரம். கார் ஓட்டவும் தேநீர் ஊற்றவும் என்னைப் பெகாயிம் அனுப்பினாள். யாராவது செத்தால் உடனே போன் பண்ணு என்று சொல்லி அனுப்பினாள்.

4

முதல் நாள். மைனஸ் இருபத்தைந்து இருக்கும். கம்பளிக் காலணிகளோடு வட்டமாக மிதித்து மிதித்துப் பனியை இறுக்கிக் களம் செய்தார்கள். பிறகு காலணியைக் கழற்றி, உள்ளங்காலில் பனியைத் தேய்த்தார்கள். தோல் சிவந்து சூடு ஏறும்வரை தேய்க்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் போச்சு. ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது. உட்கார்ந்து எழு, ஓடு, உட்கார்ந்து எழு. எசெங்குலின் வழுக்கைத் தலையிலிருந்து மாந்துப் பாத்திரத்தைத் திறந்தது போல ஆவி போனது.

அலிஷில் ஒருவர் இடுப்புக் கச்சையை ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசிவரை விடக் கூடாது. பிடித்த பிடியிலேயே தூக்கிப் போட வேண்டும். இவர்களும் பிடித்தார்கள். உலுக்மான் இடது கையால் மட்டும் பிடித்து, வலது கையைச் சும்மா ஒட்டவைத்திருந்தான்.

“தோள் வலிக்குதாடா?”

“இல்லண்ணே. உங்களுக்கு மூச்சு வாங்குதா?”

“வாங்கினா வாங்கட்டும். நீ அந்தப் பக்கம் ரொம்பத் திரும்பாத.”

“நீங்க குனியாதீங்க.”

தோற்பதற்காக இரண்டு பேர் இப்படி முட்டிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அவர் மூச்சு முட்டக் கூடாதே என்று இவன் விழப் பார்த்தான். இவன் தோளில் பாரம் விழக் கூடாதே என்று அவர் விழப் பார்த்தார். விழப்போனவனை விழாமல் மற்றவர் பிடித்துக்கொண்டார். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தார்கள். செம்மறிகளை ஓட்டிக்கொண்டு குதிரையில் போன ஒருவன் நின்று பார்த்துவிட்டு, “எந்தக் கல்யாணத்துக்கு இந்த டான்ஸு, பெருசுகளா?” என்று கேட்டான். எசெங்குலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருவரும் ஒன்றாக விழுந்தார்கள்.

மாரடைப்புக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்ததும் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாடி இருந்தது.

5

இங்கே ஒரு சிக்கல். உலுக்மான் பேச மாட்டேன் என்கிறான்.

நிஜத்தில் பேசாதவனைக் கதையில் எப்படி வைப்பது? அவனுக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்: ‘வாழ்க்கை என்பது, சகலை—’ என்று ஆரம்பித்ததுமே அவன் காகிதத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். அடித்துவிட்டேன். அவனுடைய வலது கையை மட்டும் எழுதலாம் என்று முடிவு செய்தேன். அது பேசட்டும்.

அது மெல்லப் பேசியது. சில நாள் கழித்து அந்தக் கையின் விரல்கள் கச்சைக்குள் நுழைந்தன. இன்னும் சில நாளில் மடங்கின. ஈரமான கச்சை குளிரில் விறைத்துக் கட்டையாகிவிடும். அதைத் தொடையில் அடித்து உதறி இளக்க வேண்டும். ஒரு காலையில் அவன் யோசிக்காமல் வலது கையால் அடித்து உதறினான். எசெங்குல் அதைப் பார்க்காதது போல வானத்தைப் பார்த்தார். அவரும் களத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்திருந்தார். உலுக்மான் அதைப் பார்க்காதது போல ஆற்றைப் பார்த்தான்.

மனிதனாக எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத்தாளனாகப் பேனாவை மூடி வைத்தேன். எல்லாம் நல்லபடியாக நடக்கிற கதையை எவன் படிப்பான்? ஒருவர் ரகசியத்தை மற்றவர் காதில் போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கிளினிக்கில் வாயில் முகமூடியோடு யோசித்தேன். யோசித்ததோடு சரி.

6

வினை வேறு வழியில் வந்தது. நான் ஏதோ எழுதுகிறேன் என்று பெகாயிம் குடும்பத்தில் சொல்லிவிட்டாள். அனார்கான் வீட்டு விருந்தில், கறி போட்ட பெஷ்பர்மாக் தட்டு காலியானதும், எசெங்குல் என் பக்கம் திரும்பினார்.

“என்னமோ எழுதறியாமே பல்லு டாக்டர். வாசி, கேப்போம். கிர்கீஸ்ல சொல்லு.”

தப்பிக்க வழியில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். கண் தமிழில் ஓடியது, வாய் வேறு எதையோ சொன்னது. இரண்டு கரடிகள் என்றேன். குளிர்காலத்தில் தூங்க வேண்டிய கரடிகள், ஆனால் தினமும் எழுந்து வந்து ஆற்றங்கரையில் மல்லுக்கட்டுகின்றன என்றேன். ஏன் தூங்கவில்லை என்று நூரிலா கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவளுக்குத் தெரியாததா.

வாய் தவறிவிட்டது. “ஒரு கரடிக்குத் தூங்கத்தான் ஆசை. ஆனா இன்னொரு கரடிக்காக வருது. இது வரலன்னா அது தூக்கத்துலயே போயிடும்.”

தேநீர்ச் சமோவார் சீறிக்கொண்டிருந்தது. எசெங்குல் என்னைப் பார்த்து மெதுவாக ஒரு கண்ணைச் சிமிட்டினார். எதிர்ப்பக்கம் உலுக்மான் குனிந்து தேநீரைப் பார்த்துக்கொண்டே, மேசைக்கு அடியில் என் காலை நன்றியோடு மிதித்தான். தியாகி தான்தான் என்று இரண்டு கரடிகளும் நம்பின.

“எந்தக் கரடிக்குத் தொப்பை?” என்று கேட்டாள் பெகாயிம்.

“ரெண்டுக்கும்” என்றேன். பிழைத்தேன்.

7

இதற்குப் பிறகு வருவதை விளையாட்டாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு காலை. களத்துக்கு நடுவில் பிடித்த பிடியில் நின்றவர் திடீரென்று கச்சையை விட்டார். எசெங்குல் ஒருபோதும் கச்சையை விடுகிறவர் இல்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

நான் காருக்கு ஓடினேன். சாவியைத் திருப்பினேன். அது இருமியது. மறுபடி திருப்பினேன். இருமவும் இல்லை. இந்த ஊர்க் குளிரில் இது எல்லாக் கார்களும் செய்வதுதான். அன்றைக்கா செய்ய வேண்டும்?

திரும்பிப் பார்த்தபோது உலுக்மான் வந்துகொண்டிருந்தான். வெறுங்காலோடு. எசெங்குலைக் குறுக்காகத் தோளில் போட்டிருந்தான். வலது தோளில். கெட்டிலைத் தூக்காத கை அவர் கச்சையைப் பிடித்திருந்தது. என்னைக் கடந்து மேட்டில் ஏறி, ரோட்டில் வந்த மினிபஸ்ஸுக்கு நேர் எதிரே போய் நின்றான். அது நிற்காமல் என்ன செய்யும்?

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவனுடைய கால்களுக்கு யாரோ ஒரு நர்ஸ் கம்பளி சுற்றிவிட்டுப் போனாள். அங்கேதான் அவன் பேசினான். ருஷ்யாவில் சாரத்திலிருந்து விழுந்தது அவன் இல்லை, கூட வேலை செய்தவன். உலுக்மான் பாய்ந்து அவனுடைய சட்டையைப் பிடித்துவிட்டான். அப்போதுதான் தோள் கிழிந்தது. ஆட்கள் ஓடிவரும்வரை தொங்கவிட்டபடி பிடித்திருந்தான். வரும்வரை முடியவில்லை. விரல் தானாகத் திறந்துகொண்டது. அந்த ஆளின் பெயரைச் சொன்னான். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சொல்லி முடித்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். கச்சையின் தையல் வரி அதில் பதிந்திருந்தது.

“இந்தத் தடவ விடல, சகலை” என்றான்.

(இதை எழுதலாமா என்று பிறகு அவனைக் கேட்டேன். எழுது, என் பேரை மாத்திடு என்றான். மாற்றியிருக்கிறேன்.)

8

உள்ளே போகச் சொன்னார்கள். எசெங்குல் படுக்கையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். இதய டாக்டரம்மா ஈசிஜி தாளை நீட்டிக் காட்டினார். இதயம் நன்றாக இருக்கிறது, போன தடவையைவிட நன்றாக இருக்கிறது. வந்தது வாயு. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். முந்தின நாள் மிஞ்சிய வறுத்த கறி என்றார் எசெங்குல், சுவரைப் பார்த்து.

நிம்மதியில் எல்லோரும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மா விடவில்லை. ஸ்டென்ட் வைத்த ஆளைப் பனியில் மல்லுக்கட்டச் சொன்ன அறிவாளி யார் என்று கேட்டார்.

“எனக்கென்ன ஆசையா? இவனுக்காகத்தான் போனேன். ஜன்னல்லயே உக்காந்திருந்தான்” என்றார் எசெங்குல்.

உலுக்மான் நிமிர்ந்தான். “எனக்காகவா? நான்தான் உங்களுக்காக வந்தேன். நாடியப் புடிச்சுக்கிட்டே படுத்திருந்தீங்க.”

“என்னப் பாத்துப் பாவப்பட்டியா?”

“நீங்க என்னப் பாத்துப் பாவப்படலையா?”

இந்த ஊரில் ஒரு மல்லனைத் தோற்கடிக்கலாம். தூக்கி எறியலாம். விருந்தில் கிண்டல் செய்யலாம். பாவம் பார்க்க மட்டும் கூடாது. இருவரும் தனித்தனி டாக்சியில் வீட்டுக்குப் போனார்கள்.

9

கதை இங்கே நின்றுவிட்டது. களத்தின் மேல் புதுப்பனி விழுந்து மூடியது. ஒருவர் மறுபடி சோபா, ஒருவன் மறுபடி ஜன்னல். அலிஷ் தடை, நடை மட்டும் சரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தனியாக நடக்க இருவருக்கும் பிடிக்கவில்லை, சேர்ந்து நடக்க ரோஷம் இடம்கொடுக்கவில்லை.

நானாக முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: வசந்த விழாவில் இருவரும் கட்டித் தழுவுகிறார்கள். (ஊரே கைதட்டுகிறது. எனக்குப் பல் கூசுகிறது.)

இரண்டாவது: இருவரும் சாகும்வரை பேசிக்கொள்வதில்லை. (பெகாயிம் என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள்.)

மூன்றாவது: அது வாயுவே இல்லை. உலுக்மானின் தோளை எழுப்புவதற்காக எசெங்குல் ஆடிய நாடகம்.

மூன்றாவதை நினைத்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நடந்திருக்கலாம். அந்த ஆள் அப்படிப்பட்டவர்தான். ஆனால் சாம்பல் நிறத்தை முகத்தில் யாரால் நடிக்க முடியும்? அந்த வாரம் கடைவாய்ப் பல்லை அடைக்க வந்த எசெங்குலிடம் கேட்டேவிட்டேன். அன்றைக்கு நிஜமாகவே வலித்ததா, இல்லை வேண்டுமென்றே உட்கார்ந்தீர்களா?

அவர் நீளமாகப் பதில் சொன்னார். கையை ஆட்டி, புருவத்தை உயர்த்தி, கண்ணில் நீர் கோக்கச் சொன்னார். வாய் நிறையப் பஞ்சு. “ஆ ஊ ஆங்கா” என்பதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பஞ்சை எடுத்திருக்கலாம். ஒரு நொடி இடுக்கியைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். தெரிந்துவிட்டால் பிறகு அதைத்தானே எழுத வேண்டியிருக்கும்.

10

வீட்டில் நான் காகிதமும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டினேன், போகவில்லை. கரடி, சகலை, பஞ்சு என்று தனியாகப் பேசிக்கொண்டேனாம். பெகாயிம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை கதவைத் தட்டினார்கள். திறந்தால் எசெங்குல். கையில் கச்சை. அவருக்குப் பின்னால், அவரைப் பார்க்காத மாதிரி படியில் நின்றுகொண்டு, உலுக்மான்.

“கெளம்பு” என்றார் எசெங்குல்.

“எங்க? உங்களுக்குத்தான் மல்யுத்தம் கூடாதுன்னு—”

“எனக்குக் கூடாது. உனக்கென்ன? பெகாயிம் எல்லாம் சொன்னா.”

உலுக்மான் அவரைத் தாண்டி என் தோளைத் தொட்டான். “ஒரே எடத்துல உக்காந்து ஜன்னல வெறிச்சுப் பாத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சகலை. வா.”

நான் பெகாயிமைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கம்பளிக் காலணிகளை ஏற்கனவே கதவோரம் எடுத்து வைத்திருந்தாள். என்னைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டாளா, அக்காமார்களுக்காக என்னைப் பலி கொடுத்தாளா, அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

வழி நெடுக இருவரும் என்னை நடுவில் விட்டு, எனக்கு மேலாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். இவன் இளைத்துவிட்டான் என்றார் ஒருவர். கண்ணுக்குக் கீழே பாருங்கண்ணே என்றான் மற்றவன். அந்த ‘அண்ணே’யைக் கேட்டதும் எசெங்குல் நடையைக் குறைத்தார். அப்புறம், “அந்தப் பக்கம் வழுக்கும், நீ இப்படி வா” என்று உலுக்மானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

புதுப்பனியை மிதித்துக் களத்தை மறுபடி செய்தார்கள். என் காலணிகளைக் கழற்றிவிட்டார்கள். பனி என்ன செய்யும் என்று இரண்டாம் பகுதியில் சொன்னேனே, அது சரியில்லை. அதைவிட மோசம். உலுக்மான் எனக்குக் கச்சை கட்டிவிட்டு எதிரே வந்து நின்றான். நடுவர் எசெங்குல். இவன் மெதுவாகத்தான் பிடித்திருக்கிறான். விழுவதற்குத் தயாராக, என்னைப் பாவம் பார்த்து, ஒரு பக்கம் சாய்ந்துகொடுக்கிறான். நான் ஒரு உந்து உந்தினால் அவன் விழுவான், நான் ஜெயித்ததாக வீட்டில் சொல்வார்கள். நான் விழுந்தால் இருவரும் நாளைக்கும் எனக்காக வருவார்கள்.

விழுவதா, உந்துவதா என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் எழுத முடியாது. என் இரண்டு கையும் அவன் கச்சையில் இருக்கின்றன.